வசாகா பீச்: 3 சதவீதமா, 60 சதவீதமா? உண்மையில கைமாறுறது என்ன?

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இருக்கிற வசாகா பீச் பத்தி 2025 மே மாசத்துல இருந்து வந்துக்கிட்டிருக்கிற செய்திகளை வரிசையா படிச்சா தலை சுத்தும். அங்க இருக்கிற மாகாண அரசோட பார்க்ல வெறும் 3 சதவீத நிலம்தான் வசாகா டவுன் நிர்வாகத்துக்கு போகுதுன்னு ஒன்டாரியோ அரசாங்கம் சொல்லுது. பீச்ல கிட்டத்தட்ட 60 சதவீதம் போகுதுன்னு சுற்றுச்சூழல் அமைப்புகள் சொல்லுது. நடுவுல யாரோ "பீச்சை வித்துட்டாங்க"ன்னு கிளப்பிவிட, இன்னொருத்தர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பேர் பலகை மட்டும்தான் மாறும்"னு அடிச்சு சொல்றார். வித்துட்டாங்கங்கிறதும் சரியில்ல, ஒண்ணும் மாறலங்கிறதும் சரியில்ல. ஆனா அந்த 3ம் சரி, 60ம் சரி. எப்படின்னு அடியில இருந்து பார்ப்போம்.

இடம் எது

டொரன்டோல இருந்து ஹைவே 400 பிடிச்சு வடக்க பேரி பக்கம் போய் அங்கிருந்து மேற்க திரும்பினா மொத்தம் ஏறத்தாழ ரெண்டு மணி நேரத்துல வசாகா. ஹ்யூரான் ஏரியோட ஒரு பெரிய கை ஜார்ஜியன் பே, அதோட தெற்கு மூலையில இருக்கிற வளைவு நாட்டவசாகா பே, அந்த வளைவோட கரைதான் இந்த 14 கிலோமீட்டர் மணல். உலகத்துலயே நீளமான நன்னீர் பீச்னு விளம்பரம் பண்றாங்க. தண்ணி ஆழம் மெதுவாத்தான் கூடும், ரொம்ப தூரம் நடந்தே போகலாம், அதனாலதான் குழந்தை குட்டியோட வர்ற குடும்பங்களுக்கு இது பிடிச்சுப்போச்சு. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன்ல இருக்கிற தமிழ் குடும்பங்களும் கோடை சனி ஞாயிறுல இங்கதான் கிளம்புது.

பக்கத்துல காலிங்வுட், அதுக்கு மேற்க ப்ளூ மவுன்டன். தெற்குல இருந்து நாட்டவசாகா ஆறு மினெசிங் சதுப்பு நிலத்துக்குள்ள புகுந்து வெளியே வந்து கடைசியா இந்த பீச்லதான் ஏரியில கலக்குது. மினெசிங் 1996ல ராம்சர்ங்கிற சர்வதேச சதுப்பு நிலப் பட்டியல்ல சேர்ந்த இடம், வசந்த காலத்துல பனி உருகி வர்ற வெள்ளத்தை அது வாங்கி வச்சு மெதுவா விடுறதாலதான் கீழ இருக்கிற ஊருக்கு கொஞ்சம் மூச்சு. ஆறு நேரா ஏரியில விழாம கரைக்கு இணையா கொஞ்ச தூரம் ஓடிட்டு அப்புறம்தான் சேரும், அதனால ஒரு பக்கம் ஆறு ஒரு பக்கம் ஏரின்னு நடுவுல ஒடுக்கமான மணல் திட்டு நிக்குது. கூட்டம் அதிகமா நிக்கிற பீச் ஏரியா 1, 2 எல்லாம் அந்தத் திட்டு மேலதான். ஆத்து வாய்க்கு கிழக்க நியூ வசாகாவும் ஆலன்வுட்டும். மேற்க போகப் போக ஏரியா 3ல இருந்து 6 வரைக்கும்.

டவுன்ல நிரந்தரமா இருக்கிறவங்க 2021 கணக்குப்படி 25,000 பேர் வாக்குல. ஜூலை ஆகஸ்ட்ல வந்து போற கூட்டத்துக்கு முன்னாடி இது ஒரு எண்ணே இல்ல.

ப்ரொவின்ஷியல் பார்க்னா என்ன

கனடாவுல நேஷனல் பார்க் மத்திய அரசோடது, ப்ரொவின்ஷியல் பார்க் மாகாண அரசோடது. ஒன்டாரியோல இப்படி 340 சொச்சம் பார்க் இருக்கு, முதல் பார்க் 1893ல வந்த அல்கோன்குயின். இதையெல்லாம் நடத்துறது ஒன்டாரியோ பார்க்ஸ், அது சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு கீழ வருது.

வசாகா 1959ல பார்க் ஆச்சு. அதுக்கு முன்னாடி இது ஒரு கேளிக்கை ஊர், கடற்கரை மாதிரி நீளமா இறுகின மணல் இருந்ததால கார் ஓட்டினாங்க, விமானமே ஏத்தினாங்க. 1934 ஆகஸ்ட் 8ந் தேதி "ட்ரெய்ல் ஆஃப் த கரிபூ"ங்கிற விமானம் பாக்தாத் போறேன்னு இந்த மணல்ல இருந்துதான் கிளம்புச்சு, பாக்தாத் போய்ச் சேரல, லண்டன் பக்கம் ஹெஸ்டன்ல இறங்கிடுச்சு. மணல் மேல கார் ஓட்டுறது நின்னது 1970கள்லதான், அதுவும் மாகாணம் உள்ள வந்து கரையை பார்க்கா எடுத்ததுக்கு அப்புறம். இந்தச் செய்தியில இதை ஞாபகம் வச்சுக்கணும், ஏன்னா "மாகாணம் எதுக்கு நம்ம பீச்ல மூக்கை நுழைக்குது"ன்னு கேக்கிறவங்களுக்கு வரலாறு சொல்ற பதில் இது.

இப்ப சட்டம். ஒன்டாரியோ பார்க்குகளுக்கு 2006ல ஒரு சட்டம் போட்டாங்க. அதுல இந்த விஷயத்துக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு தான்:

1. பார்க்கை நடத்துறப்போ எல்லாத்துக்கும் முதல்ல பார்க்க வேண்டியது அந்த இடத்தோட இயற்கை முழுசா இருக்கணும்ங்கிறது. ஜனங்க வந்து குளிக்கலாம், சமைச்சு சாப்பிடலாம், ஆனா ரெண்டும் மோதுச்சுன்னா இயற்கைக்குத்தான் முதல் இடம். வசாகா "பொழுதுபோக்கு" வகை பார்க், இருந்தாலும் இந்த வரிசை அதுக்கும் பொருந்தும்.

2. ஒரு பார்க்ல இருந்து 50 ஹெக்டேரோ இல்ல மொத்தத்துல 1 சதவீதமோ, ரெண்டுல எது கம்மியோ அந்த அளவுக்கு மேல நிலத்தை எடுக்கணும்னா அமைச்சர் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. சட்டசபைக்கு அறிக்கை கொடுத்து, புது எல்லையை காட்டி, சபை தீர்மானம் போட்டு ஒத்துக்கணும்.

என்ன முடிவு எடுத்தாங்க

2025 மே மாசம் முதல்வர் டக் ஃபோர்ட் அரசாங்கம் வசாகாவுக்கு 38 மில்லியன் டாலர்னு அறிவிச்சுது. அதுல 25 மில்லியன் நான்சி தீவுங்கிற வரலாற்று இடத்துக்கு. கூடவே பார்க் நிலத்துல கொஞ்சத்தை டவுனுக்கு மாத்துறோம்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வந்த விவரத்தை பிரிச்சா இப்படி நிக்கும்:

1. பீச் ஏரியா 1, ஏரியா 2, நியூ வசாகா, ஆலன்வுட், இந்த நாலும் சேர்ந்து 60 ஹெக்டேர் வாக்குல டவுனுக்கு.

2. நான்சி தீவு பார்க்ல இருந்து பிரிஞ்சு சுற்றுலா அமைச்சகத்துக்கு கீழ போகும், அதுக்கு வேற சட்டம், வரலாற்றுப் பார்க்குகள் சட்டம்.

3. மிச்சம், அதாவது மேற்குப் பக்க பீச்சும் உள்நாட்டு மணல்மேடு காடும், ப்ரொவின்ஷியல் பார்க்காவே தொடரும்.

4. பீச் பொதுமக்களுக்கு திறந்தே இருக்கும்னு மாகாணமும் டவுனும் ரெண்டு பேருமே சொல்லியிருக்காங்க.

60 ஹெக்டேர்னா 50ஐயும் தாண்டுது, 1 சதவீதத்தையும் தாண்டுது. அப்ப மேல சொன்ன ரெண்டாவது விதிப்படி தனியா ஒரு தீர்மானம் வந்து அதை மட்டும் வச்சு விவாதம் நடந்திருக்கணும். நடந்தது என்னன்னா அந்த வருஷ இலையுதிர் காலத்து பட்ஜெட் மசோதா, பில் 68, அதுக்குள்ள இதுக்கான சட்டத்திருத்தத்தை வச்சாங்க. அதே மசோதாவுக்குள்ள ஆத்துப் படுகைகளை கவனிக்கிற கன்சர்வேஷன் அத்தாரிட்டிகளை மாத்தி அமைக்கிற விஷயமும் இருந்தது. சட்டப்படி இது தப்பில்ல, சட்டசபை தான் போட்ட விதியை தானே மாத்தலாம். ஆனா ஒரு பீச் பத்தின கேள்வி பட்ஜெட் கட்டுக்குள்ள போய் உக்காந்துட்டா அதுக்கு எத்தனை நிமிஷ கவனம் கிடைக்கும்னு யோசிச்சுக்குங்க. என்னைக் கேட்டா இந்த வழிமுறைதான் நிலத்தோட அளவை விட பெரிய விஷயம், அடுத்த பார்க்குக்கும் இதே கதவு திறந்து கிடக்கு.

இது விற்பனை இல்ல. நிலம் ஒரு பொது அமைப்புகிட்ட இருந்து இன்னொரு பொது அமைப்புகிட்ட போகுது. மாறுறது அந்த "முதல்ல எதைப் பார்க்கணும்"ங்கிற வரி. டவுனுக்கு அப்படி ஒரு கடமை பார்க் சட்டத்துல கிடையாது. கவுன்சில் வரி வருமானத்தை பார்க்கும், கடைக்காரங்களை பார்க்கும், ட்ராஃபிக் பார்க்கும், பீச்சையும் பார்க்கும், எதுக்கு முதலிடம்ங்கிறது அந்தந்த கவுன்சில் முடிவு.

3ம் 60ம்: ரெண்டும் எப்படி சரி

பார்க் மொத்தம் சுமார் 1,844 ஹெக்டேர். அதுல 60ங்கிறது 3 சதவீதம் சொச்சம். கணக்கு சரி.

ஆனா அந்த 1,844ல பெரும்பகுதி தண்ணியோரம் இல்ல. உள்ள தள்ளி இருக்கிற பழைய மணல்மேடுகள், அது மேல வளர்ந்த ஓக், பைன் காடு, பனிச்சறுக்குப் பாதைகள். பீச்ங்கிறது நீளமா ஒல்லியா ஒரு பட்டை. 14 கிலோமீட்டர்ல 60 சதவீதம்னா 8.4 கிலோமீட்டர், 60 ஹெக்டேர்ங்கிறது 6 லட்சம் சதுர மீட்டர், வகுத்துப் பாருங்க, சராசரியா 70 மீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு பட்டை வருது. அதாவது தண்ணியில இருந்து ரோடு வரைக்கும் இருக்கிற மணல். ஆக ரெண்டு எண்ணும் ஒரே நிலத்தைத்தான் சொல்லுது, ஒருத்தர் பரப்பளவுல வகுக்கிறார், இன்னொருத்தர் நீளத்துல வகுக்கிறார். பீச்சுக்கு வர்றவங்களுக்கும், பின்னாடி பார்க்கப்போற பைப்பிங் ப்ளவர்ங்கிற பறவைக்கும் எது முக்கியம்னு கேட்டா நீளம்தான், காட்டுக்குள்ள இருக்கிற 1,500 ஹெக்டேரால கரையில கூடு கட்டுற பறவைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. 3 சதவீதம்ங்கிறது பொய் இல்ல, ஆனா தேர்ந்தெடுத்த உண்மை.

அந்த 70 மீட்டரும் நிலையா நிக்காது

செய்திகள்ல ரொம்ப கம்மியா வர்ற பகுதி இதுதான், என் கணக்குல மொத்த விவகாரமும் இதுலதான் இருக்கு.

ஹ்யூரான் ஏரியில அலை ஏத்த இறக்கம் கடல் மாதிரி கிடையாது, ஆனா மழை, பனி, ஆவியாதல் இதைப் பொறுத்து வருஷக்கணக்குல மட்டம் ஏறி இறங்கும். ஹ்யூரானும் மிச்சிகனும் மேக்கினாக் நீர்சந்தி வழியா சேர்ந்திருக்கிறதால ஒரே மட்டம்தான். 2013 ஜனவரில வரலாறு காணாத அளவுக்கு கீழ போச்சு. அப்புறம் விறுவிறுன்னு ஏறி 2020ல பல மாசங்களோட பழைய உச்சத்தை உடைச்சுது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணே முக்கால் மீட்டருக்கு மேல வித்தியாசம். கேக்க சின்னதா இருக்கும், ஆனா இங்க சரிவு ரொம்ப தட்டை. 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுன்னு வச்சுக்கிட்டாலே தண்ணி 85, 90 மீட்டர் முன்ன பின்ன போகும். மேல பார்த்த சராசரி அகலத்தை விட அது ஜாஸ்தி. 2019, 2020ல போனவங்களுக்கு தெரியும், துண்டு விரிக்க இடம் இல்லாம கூட்டம் ரோட்டோரம் வரைக்கும் ஒதுங்குச்சு. 2013ல அதே இடம் பாலைவனம் மாதிரி விரிஞ்சு கிடந்தது.

தண்ணி ஏறுறப்போ பீச் எப்படி தப்பிக்குதுன்னா பின்னாடி இருக்கிற மணல்மேட்டாலதான். மணல்மேட்டை பீச்சோட சேமிப்புக் கணக்குன்னு வச்சுக்குங்க, புயல் அலை வந்து அதுல இருந்து எடுத்து முன்னாடி போடும், மட்டம் இறங்கினதும் காத்து அந்த மணலை மறுபடி பின்னாடி கொண்டுபோய் சேர்க்கும். அந்த மணலை பிடிச்சு நிறுத்துறது மேரம் புல். அது மேல மணல் விழ விழ இன்னும் உயரமா வளரும், அடியில வேர்த்தண்டு வலை மாதிரி பரவும், ஆனா மனுஷன் மிதிச்சா தாங்காது, தினம் ஆள் நடக்கிற இடத்துல புல் செத்து வெறும் மணல் பாதை ஆயிடும், அந்த வழியா காத்து மணலை வாரி ரோட்டுல கொட்டும். அதுக்கப்புறம் டவுன் லாரி வச்சு அள்ளணும்.

இங்க இருக்கிற மணல்ல பெரும்பங்கு பனியுகத்துக்கு அப்புறம் வந்த பழைய ஏரிகள் விட்டுட்டுப் போனது, உள்நாட்டு மணல்மேடுகள் ஆயிரக்கணக்கான வருஷம் பழசு. அதனால இருக்கிறதை தக்க வச்சுக்கிறதுதான் வழி.

மணல் இங்க எவ்வளவு சுறுசுறுப்புன்னு பார்க்கணும்னா நான்சி தீவுக்கே போகலாம். நான்சிங்கிறது 1789ல டெட்ராய்ட்ல கட்டின பாய்மரக் கப்பல், முதல்ல தோல் வியாபாரத்துக்கு ஓடுச்சு. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812 போர்ல மேக்கினாக் கோட்டைக்கு சாமான் கொண்டுபோற பிரிட்டிஷ் கப்பலா மாறுச்சு. 1814 ஆகஸ்ட் 14ந் தேதி அமெரிக்கக் கப்பல்கள் நாட்டவசாகா ஆத்து வாயில வந்து அடிக்க, நான்சி எரிஞ்சு ஆத்துலயே முழுகுச்சு. அதோட கேப்டன் மில்லர் வொர்ஸ்லியும் ஆட்களும் படகுல துடுப்பு போட்டே மேக்கினாக் வரைக்கும் போய், அடுத்த மாசம் தாக்க வந்த கப்பல்கள்ல ரெண்டை, டைக்ரஸ், ஸ்கார்ப்பியன், பிடிச்சுட்டாங்கங்கிறது தனிக்கதை. இங்க நமக்கு வேண்டியது முழுகின அந்த உடம்பு. அதை சுத்தி ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும் சேர்ந்து சேர்ந்து ஒரு தீவே உருவாயிடுச்சு, 1928ல தோண்டி எடுத்தப்போ கப்பலோட அடிப்பகுதி அதுக்குள்ள இருந்தது. நூறு வருஷ சொச்சத்துல ஒரு கப்பலை தீவா மாத்துற இடத்துல, நாம சர்வே கல்லு நட்டு "இது வரைக்கும் டவுன், இதுக்கு அப்பால பார்க்"னு எல்லை போடுறோம்.

பைப்பிங் ப்ளவர்: ஒரு சின்னப் பறவைக்கு எதுக்கு இவ்வளவு

நம்மூர் கடற்கரையில குடுகுடுன்னு ஓடுமே உப்புக்கொத்தி, அந்தக் குடும்பம். மணல் கலர்ல உள்ளங்கைக்குள்ள அடங்கிற சைஸ். கிரேட் லேக்ஸ் பக்கம் இருக்கிற கூட்டம் 1980கள்ல அழியிற நிலைமைக்கு வந்துடுச்சு, ஒரு கட்டத்துல மொத்தமே இருபது ஜோடிக்கு கீழ. அமெரிக்கா 1986ல பாதுகாப்புப் பட்டியல்ல சேர்த்ததுக்கு அப்புறம் வேலை பார்த்து இப்ப 80 ஜோடிக்கு மேல வந்திருக்கு, எட்ட வேண்டிய இலக்கு 150. கனடா பக்கம் கிரேட் லேக்ஸ்ல முப்பது வருஷமா கூடு கட்டாம இருந்த பறவை, 2007ல சாபிள் பீச்ல வந்தது, 2008ல வசாகால வந்தது. வசாகால அது விரும்பி கூடு கட்டுற இடம் ஏரியா 1 பக்கம். கூட்டம் விரும்புற இடமும் அதேதான். இதுதான் சிக்கல்.

இதோட வாழ்க்கை முறையை பார்த்தா பீச் பராமரிப்போட ஏன் மோதுதுன்னு புரியும்:

1. மரத்துல கூடு கட்டாது. திறந்த மணல்ல, கூழாங்கல்லுக்கு நடுவுல ஒரு சின்ன குழி, அதுல நாலு முட்டை. பக்கத்துல நின்னா கூட கண்ணுக்கு தெரியாது.

2. அடைகாக்க நாலு வாரம், குஞ்சு பறக்க இன்னும் மூணு நாலு வாரம். ஏப்ரல் கடைசி, மே வாக்குல வந்து இறங்கினா ஜூலை தாண்டிடும், அதாவது சுற்றுலா சீசனோட முன்பாதி முழுக்க.

3. குஞ்சு பொரிச்ச சில மணி நேரத்துல தானே நடந்துபோய் சாப்பிடும், தாய் ஊட்டாது. அதனால கூட்டைச் சுத்தி மட்டும் வேலி போட்டா பத்தாது, தண்ணியோரம் வரைக்கும் அது போய்வர வழி வேணும்.

4. அது சாப்பிடுறது கரை ஒதுங்கின பாசி, குப்பைக்கூளத்துல இருக்கிற பூச்சிகளை. நமக்கு நாத்தம் பிடிச்ச குப்பை, அதுக்கு அதுதான் சாப்பாட்டு மேசை.

நாலாவது பாயின்ட்லதான் ரேக்கிங் வருது. டிராக்டருக்குப் பின்னாடி பெரிய சீப்பு மாதிரி ஒரு கருவியை மாட்டி மணலை வாரி சமமாக்கிறது. பார்க்க சுத்தமா இருக்கும். ஆனா பூச்சி போயிடும், சின்னச் சின்ன மேடு பள்ளம் போயிடும், புதுசா முளைக்கிற மேரம் புல்லும் போயிடும், அதனால மணல்மேடு முன்னாடி வளராது. பறவையோட பிரச்சனையும் மணல்மேட்டோட பிரச்சனையும் ஒண்ணுதான்னு பலருக்கும் தெரியிறதில்ல. பறவைக்காக வேலி போட்ட இடத்துல மணல்மேடு தானா வளர ஆரம்பிக்கும். "ரெண்டு குருவிக்காக எங்க பீச்சை மூடுறாங்க"ன்னு கோவப்படுறவங்க, அடுத்த தடவை ஏரி மட்டம் ஏறுறப்போ தங்களோட வீட்டுக்கு முன்னாடி நிக்கப்போற மணல் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டுப்பார்க்கலாம்.

சாபிள் பீச் வழக்கு, அப்புறம் மாறின சட்டம்

"டவுன் பார்த்துக்காதா என்ன"ங்கிற கேள்விக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கு. அதே ஹ்யூரான் கரையில இருக்கிற சாபிள் பீச் ப்ரொவின்ஷியல் பார்க் கிடையாது, அதை கவனிச்சது சவுத் ப்ரூஸ் பெனின்சுலா டவுன். 2017ல அவங்க மெஷின் வச்சு மணல்ல செஞ்ச வேலை ப்ளவரோட வாழிடத்தை சேதப்படுத்துச்சுன்னு மாகாணமே வழக்கு போட்டுது. 2019ல டவுன் குற்றவாளின்னு தீர்ப்பு, 1 லட்சம் டாலர் அபராதம். அப்பீல் மேல அப்பீல் போய் 2022ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துலயும் தோத்துட்டாங்க.

அந்தத் தீர்ப்போட முக்கியமான விஷயம், பறவை அந்த நேரத்துல அங்க உக்காந்திருக்கணும்னு அவசியம் இல்ல. வருஷா வருஷம் வந்து கூடு கட்டுற நிலம்னாலே அது வாழிடம், சீசன் இல்லாதப்போ கெடுத்தாலும் குற்றம்தான்.

ஆனா அந்த வழக்கு நின்னது 2007ம் வருஷ அழியும் உயிரினங்கள் சட்டத்து மேல. 2025 ஜூன்ல பில் 5ங்கிற மாகாண மசோதா நிறைவேறினப்போ அந்தச் சட்டத்துக்கு பதிலா புது சட்டத்துக்கு வழி போட்டாங்க, வாழிடம்ங்கிறதோட வரையறையையும் சுருக்கிட்டாங்க. விலங்கு பறவைகளுக்கு இப்ப வாழிடம்னா கூடு, பொந்து மாதிரி தங்குற இடமும் அதை ஒட்டி உடனடியா சுத்தி இருக்கிற தேவையான பகுதியும்தான். குஞ்சு நடந்துபோய் சாப்பிடுற நீண்ட கரை இதுக்குள்ள வருமா வராதாங்கிறது இனி வக்கீல்கள் சண்டை போட வேண்டிய கேள்வி. சாபிள் பீச்ல ஜெயிச்ச மாதிரி இன்னொரு தடவை ஜெயிக்கிறது லேசு இல்லன்னுதான் எனக்குப் படுது.

மத்திய அரசு சட்டம் மிச்சம் இருக்கு. வலசைப் பறவைகள் சட்டப்படி கூட்டையும் முட்டையையும் தொடக்கூடாது, அழியும் நிலையில இருக்கிற உயிரினங்களுக்கான மத்திய சட்டத்துலயும் ப்ளவர் இருக்கு. ஆனா மத்திய அரசுக்கு சொந்தமில்லாத நிலத்துல பரந்த வாழிடத்துக்கு பாதுகாப்பு தானா வந்துடாது, ஒட்டாவா தனியா ஒரு உத்தரவு போடணும், அப்படி உத்தரவு போடுறது ரொம்ப அபூர்வம்.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. பார்க் சட்டம்ங்கிற ஒரு வேலி ஏரியா 1ல இருந்து எடுக்கப்படுது. அதே வருஷம் உயிரினச் சட்டம்ங்கிற இன்னொரு வேலியும் உயரம் குறையுது. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு இருந்தது, ரெண்டும் ஒரே நேரத்துல. தனித்தனியா செய்தி படிச்சா இது தெரியாது.

டவுன் பக்க நியாயம்

டவுனை வில்லனாக்கிறதும் சரியில்ல. அவங்க கஷ்டம் நிஜம்.

1. 2007 நவம்பர் 30ந் தேதி ஏரியா 1 பக்கத்துல இருந்த கடைத்தெருவுல பெரிய தீ விபத்து, கடைகள்ல நிறைய எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அந்த இடம் பழைய களைக்கு திரும்பவே இல்ல. டவுனே பின்னாடி அங்க நிலம் வாங்கி புதுசா கட்டணும்னு பல வருஷமா முட்டி மோதிக்கிட்டிருக்கு, ஹோட்டல், அபார்ட்மென்ட், கடைகள்னு திட்டம்.

2. கடைத்தெரு டவுன் நிலம், அதுக்கு முன்னாடி இருக்கிற மணல் மாகாண நிலம், பார்க்கிங்ல பாதி இவங்க பாதி அவங்க. ஒரு பெஞ்ச் போடணும்னாலும் ரெண்டு நிர்வாகம்.

3. பார்க் நுழைவுக் கட்டணம் மாகாணத்துக்கு போகுது, ஆனா ட்ராஃபிக், குப்பை, அனுமதி இல்லாம நடக்கிற கார் கூட்டங்கள் எல்லாத்துக்கும் செலவு பண்றது 25,000 பேர் கட்டுற வரி.

மூணாவது எனக்கு ரொம்ப நியாயமாவே தெரியுது. ஆனா இதுக்கு தீர்வு நிலத்தை மாத்துறதுதானா, வருமானத்துல பங்கு கொடுத்தா, இல்ல சேர்ந்து நடத்த ஒரு ஒப்பந்தம் போட்டா போதாதாங்கிற கேள்விக்கு யாரும் சரியா பதில் சொல்லல.

போய் வர்ற நமக்கு என்ன மாறும்

உடனடியா மாறுறது விதிகள்தான். பார்க் நிலத்துல ஒன்டாரியோ பார்க்ஸ் விதி, டவுன் நிலத்துல டவுன் போடுற உள்ளூர் விதி, அதாவது பைலா. கைமாறின பகுதியில கூடாரம் போடலாமா, கரி அடுப்பு வைக்கலாமா, நாய் கூட்டிட்டு வரலாமா, பார்க்கிங் எவ்வளவு எல்லாத்தையும் கவுன்சில்தான் முடிவு பண்ணும், வருஷத்துக்கு வருஷம் மாத்தவும் செய்யும். பல டவுன்கள் பண்ற மாதிரி உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு பார்க்கிங் ரேட், வெளியூர்க்காரங்களுக்கு ஒரு ரேட்னு வச்சா தடுக்க பார்க் சட்டம் அங்க இருக்காது. ஒன்டாரியோ பார்க்ஸ் வருஷ பாஸ் வச்சிருக்கிறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி எந்த ஏரியாவுக்கு போறோம்னு பார்த்துக்கிறது நல்லது. பாஸை நம்பி ஏரியா 1ல வண்டியை விட்டுட்டு டிக்கெட் வாங்கிட்டு வர வேணாம். வசாகா பகல் நேர பார்க்தான், டென்ட் அடிச்சு ராத்தங்க முடியாது, அது முன்னாடியும் அப்படித்தான்.

இனிமே எதைக் கவனிக்கணும்

1. நிலப் பத்திரத்துல என்ன எழுதுறாங்க. "பீச் பொதுவா இருக்கும்"ங்கிறது பேட்டியில சொல்றதா, பத்திரத்துல நிபந்தனையா வருதா. பத்திரத்துல இருந்தா அடுத்த கவுன்சிலையும் கட்டும். பேட்டி கட்டாது.

2. மணல்மேடு எந்தப் பக்கம் வருது. எல்லை மணல்மேட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, அங்க கட்டடம் கூடாதுன்னு ஜோனிங்ல, அதாவது எந்த நிலத்தை எதுக்கு பயன்படுத்தலாம்ங்கிற விதியில, இருக்கா.

3. ரேக்கிங் எந்தெந்த மாசம், எந்த இடம் வரைக்கும். இது ஒண்ணை வச்சே டவுன் எப்படி நடத்தப்போகுதுன்னு சொல்லிடலாம்.

4. வேலி போட்டு, வாலன்டியர்களை வச்சு, கூட்டை காவல் காக்கிற வேலையை இத்தனை வருஷம் பார்த்தது பார்க் ஊழியர்கள். அந்த வேலைக்கு டவுன் பட்ஜெட்ல எவ்வளவு பணம் ஒதுக்குறாங்க.

5. 2026 அக்டோபர்ல ஒன்டாரியோ முழுக்க முனிசிபல் தேர்தல். பார்க்கா இருந்தவரை இந்த மணல் யார் கையில இருக்குங்கிறதை உள்ளூர் தேர்தல் தீர்மானிக்கல. இனிமே கைமாறின பகுதியைப் பொறுத்தவரை அதுதான் தீர்மானிக்கும், அதுல ஓட்டு போடுறது வசாகா டவுன்காரங்களும் அங்க வீடு நிலம் வச்சிருக்கிறவங்களும்தான், டொரன்டோல இருந்து வந்து குளிச்சுட்டு போற லட்சக்கணக்கான பேருக்கு அதுல ஓட்டு இல்ல.